நூறு சதவீதம் சொன்ன மருத்துவர்

டெக்சஸ் மாநிலம், டாலஸ் மாவட்டச் சிறை, 1974. எர்னஸ்ட் பெஞ்சமின் ஸ்மித் என்ற விசாரணைக் கைதியைப் பார்க்க ஒரு மனநல மருத்துவர் வந்தார். கொள்ளையடிக்கப் போன கடையில் ஸ்மித்தின் கூட்டாளி சுட்டதில் ஊழியர் ஒருவர் இறந்திருந்தார். ஸ்மித்தின் துப்பாக்கி வெடிக்கவில்லை. மருத்துவரை அனுப்பியவர் நீதிபதி. வழக்கு நடப்பதைப் புரிந்துகொண்டு தன் வக்கீலுக்கு ஒத்துழைக்கும் அளவுக்குக் கைதிக்கு மனத்தெளிவு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இட்ட வேலை அவ்வளவுதான். மருத்துவர் சுமார் 90 நிமிடம் பேசிவிட்டு, தெளிவு இருக்கிறது என்று கடிதம் எழுதிக் கொடுத்தார்.

வழக்கு நடந்து, குற்றம் நிரூபணமானது. தண்டனை என்ன என்று முடிவு செய்யும் கட்டத்தில் ஸ்மித்தின் உறவினர்கள் அவர் குணத்தைப் பற்றி நல்லவிதமாகச் சொன்னார்கள். துப்பாக்கியின் சொந்தக்காரர் வந்து, அது பழுதானது என்பதும் சுடாது என்பதும் ஸ்மித்துக்குத் தெரியும் என்றார். பிறகு அரசுத் தரப்பு தன் சாட்சியை அழைத்தது. வந்தவர் அதே மருத்துவர், ஜேம்ஸ் கிரிக்சன். சாட்சிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை என்று எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது, நீதிபதி ஏற்கவில்லை. ஸ்மித் கடுமையான சமூக விரோத ஆளுமை கொண்டவர், இதற்கு மருந்து இல்லை, வாய்ப்புக் கிடைத்தால் மறுபடியும் இதையே செய்வார் என்று கிரிக்சன் சொன்னார். ஜூரி மரண தண்டனைக்கு வழிவிட்டது.

மனத்தெளிவைப் பார்ப்பதற்கென்று நடந்த பேச்சு உயிரைப் பறிக்கும் சாட்சியாக மாறப்போகிறது என்று ஸ்மித்திடம் யாரும் சொல்லவில்லை. வாய் திறக்காமல் இருக்கலாம் என்றும் சொல்லவில்லை. அவருடைய வக்கீலுக்கே தெரியாது. 1981இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. தன்னையே குற்றப்படுத்திக்கொள்ளக் கட்டாயப்படுத்தப்படாத உரிமையும் வக்கீலின் துணையைப் பெறும் உரிமையும் மீறப்பட்டன என்றது. ஆனால் அந்தத் தீர்ப்பு அரசியலமைப்பைப் பற்றியது. மருத்துவர் செய்தது மருத்துவருக்குத் தகுமா என்ற கேள்வியை யார் கேட்பது? கேட்டு, தகாது என்று தெரிந்தால், யார் என்ன செய்ய முடியும்?

மனநல மருத்துவத்தில் நீதிமன்றத்தைச் சார்ந்த பிரிவுக்கு இந்தக் கேள்வி மற்றப் பிரிவுகளைவிடக் கடினமானது. குழந்தைகள் மனநலம், போதை மீட்பு, முதியோர் மனநலம் எதுவானாலும் எதிரே உட்கார்ந்திருப்பவர் நோயாளி; மருத்துவர் அவர் நன்மைக்காக வேலை செய்கிறார். நீதிமன்றத்துக்காகப் பரிசோதிக்கும் மருத்துவருக்கு எதிரே இருப்பவர் நோயாளி அல்ல. சம்பளம் கொடுப்பவர் வேறு, அறிக்கையால் பயன்பெறுபவர் வேறு, பாதிக்கப்படுபவர் வேறு. அதே வெள்ளைக் கோட்டு, அதே கனிவான குரல், அதே கேள்விகள். உறவு மட்டும் தலைகீழ். கைதிக்கு அது தெரியாது. தெரிந்தாலும், டாக்டர் கனிவாகக் கேட்கும்போது மறந்துவிடும்.

இந்த உண்மையை அந்தத் துறையின் முகத்துக்கு நேரே சொன்னவர் ஆலன் ஸ்டோன். ஹார்வர்டு சட்டப் பேராசிரியர், மனநல மருத்துவர், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் முன்னாள் தலைவர். மனநல மருத்துவமும் சட்டமும் பற்றிய அமெரிக்கக் கழகம் 1982இல் தன் ஆண்டுக் கூட்டத்துக்கு அவரை அழைத்திருந்தது. தான் ராணுவ மருத்துவராக இருந்தபோது பரிசோதித்த ஒரு கறுப்பின சார்ஜன்ட்டின் கதையை அவர் அங்கே சொன்னார். அரசுப் பொருள்களைத் திருடியதாக சார்ஜன்ட் மீது வழக்கு. திருடத் தூண்டும் மனநோய் அவருக்கு உண்டு என்பது எதிர்வாதம். அரசுத் தரப்புக்காகப் பரிசோதிக்க வந்த ஸ்டோன், நீ சொல்வதெல்லாம் உனக்கு எதிராகப் போகலாம் என்று முன்கூட்டியே எச்சரித்தார். ஆனாலும் மணிக்கணக்கில் பேசியதில் சார்ஜன்ட் மனம் திறந்தார். நிறத்தால் தனக்கு மறுக்கப்பட்டவை, அதனால் வந்த கோபம், எல்லாவற்றையும் கொட்டினார். அவர் கொட்டியதை வைத்தே, இது நோயல்ல, தெரிந்தே செய்த திருட்டு என்று சாட்சி போனது. சார்ஜன்ட் கடின உழைப்புத் தண்டனைக்கு அனுப்பப்பட்டார். விதிப்படி எல்லாமே சரி. ஸ்டோனுக்கு மட்டும் அது சரியாகப்படவில்லை. நீதிமன்றத்தில் நிற்கும் மனநல மருத்துவருக்குக் கால் ஊன்ற நடுநிலையான நெறிமுறை நிலமே இல்லை என்பது அவர் வாதம்.

இந்த வாதத்துக்குப் பல ஆண்டுகள் கழித்து வலுவான பதில் தந்தவர் மனநல மருத்துவர் பால் அப்பல்பாம். சிகிச்சையில் நோயாளியின் நன்மைதான் தலையாய நெறி. நீதிமன்றத்தில் அது பொருந்தாது. அங்கே நெறி இரண்டு: உண்மை பேசுவது, எதிரே இருப்பவரின் மனிதத்தன்மையை மதிப்பது. உண்மை என்றால் தனக்குத் தெரிந்ததை மட்டுமல்ல, தெரியாததின் எல்லையையும் சொல்வது. மதிப்பது என்றால், நான் உன் மருத்துவர் அல்ல, யாருக்காக வந்திருக்கிறேன் என்பது இது என்று முதலிலேயே சொல்வது, பேச்சு சிகிச்சை போல நழுவும்போது மறுபடி நினைவூட்டுவது. எனக்கு அப்பல்பாம் பக்கம்தான் சாய்வு. ஆனால் அவர் சொன்னது நல்ல மருத்துவர் எப்படி நடக்க வேண்டும் என்பதற்குப் பதில். கெட்ட மருத்துவரை என்ன செய்வது என்பதற்கு அதில் பதில் இல்லை.

கிரிக்சனின் தொழில் ஏன் அவ்வளவு செழித்தது என்று பார்த்தால், பழி முழுவதும் அவர் தலையில் விழாது. 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அன்றிருந்த மரண தண்டனைச் சட்டங்களைச் செல்லாதவை ஆக்கியது. மறு ஆண்டே டெக்சஸ் புதுச் சட்டம் போட்டது. அதில் ஜூரி பதில் சொல்ல வேண்டிய கேள்விகளில் ஒன்று: இவர் இனியும் வன்முறைக் குற்றங்கள் செய்து சமூகத்துக்குத் தொடர்ந்து அச்சுறுத்தலாக இருக்க வாய்ப்பு உண்டா? பன்னிரண்டு பேரும் ‘உண்டு’ என்றால்தான் மரண தண்டனை. எதிர்காலத்தைப் பற்றிய கேள்வியைச் சட்டமே கேட்டுவிட்டால், எதிர்காலம் சொல்ல ஆள் வேண்டுமே. நடந்ததைச் சொல்லப் போலீசார் போதும். நடக்கப்போவதைச் சொல்ல டாக்டர் வந்தார். கிரிக்சன் 160க்கும் மேற்பட்ட மரண தண்டனை வழக்குகளில் சாட்சி சொன்னார், பெரும்பாலும் அரசுத் தரப்பில். பத்திரிகைகள் அவருக்கு வைத்த பெயர் ‘டாக்டர் டெத்’.

தாமஸ் பேர்ஃபுட் வழக்கில் அவர் கைதியைப் பார்க்கவே இல்லை. பேர்ஃபுட் 1978இல் ஒரு போலீஸ்காரரைச் சுட்டுக் கொன்றவர். அரசு வழக்கறிஞர் எழுந்து, ஒரு மனிதன் இன்னின்ன செய்தான் என்று வைத்துக்கொள்வோம் என்று பேர்ஃபுட்டின் கதையைப் பெயர் சொல்லாமல் அடுக்கினார். பிறகு கேட்டார்: அப்படிப்பட்டவன் மறுபடி வன்முறையில் இறங்குவானா? கிரிக்சன், இறங்குவான் என்றார். சமூக விரோத ஆளுமையை ஒன்று முதல் பத்துவரை அளந்தால் இவன் பத்துக்கும் மேலே என்றார். சிறைக்குள் இருந்தாலும் வெளியே இருந்தாலும் நூறு சதவீதம் நிச்சயம் என்றார். ஜான் ஹோல்புரூக் என்ற இன்னொரு மருத்துவரும் அதே பாட்டைத்தான் பாடினார். ஜூரி ஒரு மணி நேரத்தில் முடிவுக்கு வந்தது.

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு 1983இல் வந்தபோது அமெரிக்க மனநல மருத்துவச் சங்கமே தலையிட்டு மனு போட்டது. நீண்ட கால நோக்கில் ஒருவர் வன்முறையில் இறங்குவார் என்று மனநல மருத்துவர்கள் கணிப்பதில் மூன்றில் இரண்டு தப்பாகிறது, ஆகவே இந்தச் சாட்சியை அனுமதிக்காதீர்கள் என்று தன் உறுப்பினர்களுக்கு எதிராகவே சொன்னது. ஒரு தொழில் அமைப்பு நீதிமன்றத்தில் எழுந்து ‘எங்களுக்கு இது தெரியாது’ என்று சொல்வது அபூர்வம். நீதிபதி வைட் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு அதைக் கேட்டுக்கொண்டு தள்ளிவிட்டது. மருத்துவர்கள் எப்போதுமே தப்பு என்று சங்கம் சொல்லவில்லையே, பெரும்பாலும் தப்பு என்றுதானே சொல்கிறது என்ற ரீதியில் போகிறது அந்தத் தர்க்கம். குறுக்கு விசாரணை இருக்கிறது, எதிர்சாட்சி இருக்கிறது, ஜூரி உமியையும் நெல்லையும் பிரித்துக்கொள்ளும் என்றது. நீதிபதி பிளாக்மன் மாறுபட்டார். உயிர் போகும் வழக்கில், விஞ்ஞானப் போர்வை போர்த்திய ஊகத்தைச் சாமானியர்கள் அடங்கிய ஜூரி எதிர்த்து நிற்காது என்று எழுதினார். பேர்ஃபுட் 1984 அக்டோபரில் கொல்லப்பட்டார்.

பேர்ஃபுட் வழக்கில் அவ்வளவு தெளிவாகப் பேசிய சங்கம் தன் உறுப்பினரான கிரிக்சனை என்ன செய்தது? கண்டித்தது. அவர் கேட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் 1995இல் நீக்கியது. டெக்சஸ் மாநிலச் சங்கமும் நீக்கியது. காரணம் இரண்டு: பரிசோதிக்காமலே நோய் முடிவு சொன்னது, ஒருவர் வன்முறையில் இறங்குவார் என்று நூறு சதவீதம் கணிக்க முடியும் என்று சாட்சி சொன்னது. பரிசோதிக்காத ஆளைப் பற்றி முடிவு சொல்லக் கூடாது என்ற நெறி சங்கத்துக்குப் புதிதல்ல. 1964 தேர்தலில் போட்டியிட்ட கோல்டுவாட்டர் அதிபராகத் தகுதியானவரா என்று ஒரு பத்திரிகை மனநல மருத்துவர்களிடம் கேட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தகுதியில்லை என்று எழுதிக் கொடுத்த அவமானத்துக்குப் பிறகு, 1973இலேயே அது பொது மனிதர்கள் விஷயத்தில் எழுத்தில் வந்துவிட்டது. ஆக, நெறி இருந்தது. மீறல் நீதிமன்றப் பதிவில் வரிக்கு வரி இருந்தது. பேர்ஃபுட் தீர்ப்பிலிருந்தே எண்ணினாலும் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடின.

நீக்கிய பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் இந்தக் கதையின் சாரம். ஒன்றும் ஆகவில்லை. கிரிக்சன் டெக்சஸ் நீதிமன்றங்களில் தொடர்ந்து சாட்சி சொன்னார். சங்கத்தில் உறுப்பினராக இருப்பது விருப்பம். மருத்துவ உரிமத்தைக் கொடுப்பது மாநில மருத்துவ வாரியம். உரிமம் அவர் கையிலேயே இருந்தது. அரசு வழக்கறிஞருக்கு வேண்டியது உரிமமும் உறுதியான குரலும்தான். சங்கச் சீட்டு போனதை எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணையில் கேட்கலாம். அதற்கும், சங்கம் மரண தண்டனையை எதிர்ப்பவர்களின் கூடாரம், அதனால்தான் என்மேல் கோபம் என்று ஒரே மூச்சில் பதில் சொல்லிவிட முடியும்.

ஸ்டோனை அழைத்ததாக மேலே சொன்ன கழகம் நீதிமன்ற மனநல மருத்துவர்களுக்கென்றே உள்ளது: 1969இல் தொடங்கியது. 1987இல் நெறிமுறை வழிகாட்டியை ஏற்றது. 2005இல் விரிவாகத் திருத்தியது. நல்ல ஆவணம். நேர்மை, பக்கச்சார்பின்றி இருக்க முயல்வது, முடிந்தவரை நேரில் பரிசோதிப்பது, முடியாதபோது அந்தக் குறையை அறிக்கையிலும் சாட்சியத்திலும் வெளிப்படையாகச் சொல்வது, சிகிச்சை தருபவரே நிபுணர் சாட்சியாகவும் வராமல் தவிர்ப்பது எல்லாம் அதில் இருக்கிறது; கிரிக்சன் தவறிய இடங்களும் அதில் அடக்கம். ஆனால் மீறினால் என்ன? புகார்களைக் கழகம் தானே விசாரிப்பதில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைக்கோ மாநில உரிம வாரியத்துக்கோ அனுப்பிவிடும். அங்கே தண்டனை கிடைத்தால் கழகமும் அதைப் பின்பற்றும். விஷயம் தெரிந்த அமைப்பிடம் அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ள அமைப்புக்கு விஷயம் தெரியாது. பொது மனநல மருத்துவர்கள் அடங்கிய கிளைக் குழு, தான் வாழ்நாளில் ஏறியிராத சாட்சிக் கூண்டின் நுணுக்கங்களைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

கழகத்தைக் கோழை என்று சொல்லிவிட முடியாது. இந்தத் துறையில் வரும் புகார்களில் நிறைய, வழக்கில் தோற்றவர் ஜெயித்தவரின் நிபுணர் மேல் கொடுப்பவை. குழந்தையின் பொறுப்பை இழந்த தகப்பனுக்கு, தாய்க்குச் சாதகமாக அறிக்கை கொடுத்த மருத்துவர் கூலிக்கு மாரடிப்பவராகத்தான் தெரிவார். எதிர்த்தரப்பு நிபுணரே புகார் கொடுப்பதும் உண்டு. சங்கத்துக்குச் சாட்சிகளை அழைக்கும் அதிகாரம் இல்லை. ஆவணங்களைக் கேட்டு வாங்கும் அதிகாரம் இல்லை. நீக்கப்பட்டவர் வழக்குப் போட்டால் செலவு சங்கத்துக்கு. இதையெல்லாம் மீறித்தான் ஒரு தன்னார்வக் குழு, நீதிமன்றமே ஏற்றுக்கொண்ட சாட்சியைத் தப்பு என்று சொல்ல வேண்டும். தயக்கம் புரிகிறது. தயங்கிய காலத்தில் செத்தவர்களுக்கு அது சமாதானம் ஆகாது.

தயக்கத்தை நீதிமன்றங்களே கொஞ்சம் குறைத்தன. அமெரிக்காவில் ஒரு நரம்பு அறுவை மருத்துவர், தான் கொடுத்த நிபுணர் சாட்சிக்காகத் தன் சங்கம் தன்னை ஆறு மாதம் இடைநீக்கம் செய்ததை எதிர்த்து வழக்குப் போட்டார். 2001இல் மேல்முறையீட்டு நீதிபதி போஸ்னர், சங்கம் செய்தது சரி என்றதோடு நிற்காமல், இப்படிப்பட்ட கண்காணிப்பு நீதிமன்றத்துக்கே நல்லது என்ற தொனியில் எழுதினார். இங்கிலாந்தில் குழந்தை மருத்துவர் ராய் மெடோ விவகாரம் இன்னும் பெரியது. சாலி கிளார்க் என்ற தாய் தன் இரு குழந்தைகளைக் கொன்றதாக நடந்த வழக்கில், இரண்டு மரணமும் இயற்கையாக நிகழ 7 கோடியே 30 லட்சத்தில் ஒரு வாய்ப்புத்தான் என்று அவர் சொன்ன கணக்கு தப்பு. சாலி 2003இல் விடுதலையானார். பொது மருத்துவக் கவுன்சில் 2005இல் மெடோவைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது. மறு ஆண்டு நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்தது. ஆனால் 2006 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றை உறுதி செய்தது: நீதிமன்றத்தில் சொன்ன சாட்சி என்பதற்காகவே உரிமம் கொடுக்கும் கவுன்சிலின் விசாரணையிலிருந்து தப்ப முடியாது. மெடோ தப்பினார்; கவுன்சிலின் அதிகாரம் நிலைத்தது. அமெரிக்கச் சங்கத்திடம் இல்லாத உரிமப் பிடி இங்கிலாந்துக் கவுன்சிலிடம் உண்டு.

டெக்சஸிலும் மாற்றம் வந்தது, மெதுவாக. நிபுணர்கள் ‘ஆபத்தானவர்’ என்று சாட்சி சொன்ன 155 கைதிகளின் சிறைப் பதிவுகளை டெக்சஸ் டிஃபண்டர் சர்வீஸ் என்ற வழக்கறிஞர் அமைப்பு எடுத்துப் பார்த்து 2004இல் வெளியிட்டது. பிறரைக் கடுமையாகத் தாக்கியவர்கள் 5 சதவீதம். 2010இல் பில்லி கோபிள் வழக்கில் டெக்சஸ் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ரிச்சர்ட் கூன்ஸ் என்ற மனநல மருத்துவர் தானே வகுத்துக்கொண்ட கணிப்பு முறையை யாரும் சோதித்ததில்லை, அது நம்பகமற்றது, அந்தச் சாட்சியை அனுமதித்தது தவறு என்றது. கோபிள் மரண தண்டனைக் கொட்டடியில் இருந்த பதினெட்டு ஆண்டுகளில் அவர் மேல் ஒரு ஒழுங்கு நடவடிக்கைகூட இல்லை. இருந்தும் அந்தத் தவறு முடிவை மாற்றியிருக்காது என்று தண்டனையை விட்டுவைத்தது. 2019இல் கோபிள் கொல்லப்பட்டார்.

கிரிக்சன் 1977இல் ஆபத்தானவர் என்று முத்திரை குத்தியவர்களில் ராண்டல் டேல் ஆடம்ஸ் ஒருவர். போலீஸ்காரரைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டவர். கிரிக்சன் தன்னை வரைபடங்களைப் பார்த்து வரையச் சொன்னதையும் சில பழமொழிகளுக்கு அர்த்தம் கேட்டதையும் எரால் மாரிஸ் எடுத்த ‘தி தின் புளூ லைன்’ ஆவணப்படத்தில் ஆடம்ஸ் சொல்கிறார். மாரிஸ் டாலஸுக்குப் போனது கிரிக்சனைப் பற்றிப் படம் எடுக்கத்தான். போன இடத்தில் ஒரு நிரபராதி கிடைத்தார். படம் 1988இல் வந்தது, மறு ஆண்டு ஆடம்ஸ் விடுதலையானார். அவருக்கு எதிராக முதன்மைச் சாட்சி சொன்ன டேவிட் ஹாரிஸ் பின்னாளில் இன்னொருவரைக் கொன்று, அதற்கான மரண தண்டனையில் 2004இல் கொல்லப்பட்டார். எதிர்காலம் சொன்ன மருத்துவர் இருந்த அதே வழக்கில், ஆபத்து கூண்டுக்கு வெளியே சாட்சியாக உட்கார்ந்திருந்தது.

இது அமெரிக்கக் கதை என்று தள்ளிவைக்க நமக்கு வழியில்லை. 1980இல் பச்சன் சிங் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் தணிப்புச் சூழ்நிலைகளைப் பட்டியலிட்டபோது, குற்றவாளி வன்முறைக் குற்றங்கள் செய்து சமூகத்துக்குத் தொடர்ந்து அச்சுறுத்தலாக இருக்கமாட்டார் என்ற வாய்ப்பையும் அவர் திருந்தும் வாய்ப்பையும் சேர்த்தது. டெக்சஸ் சட்டத்தின் அதே கேள்விதான், திருப்பிப் போட்டது. அந்த வாய்ப்பு இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அரசு என்றும் சொன்னது. பல ஆண்டுகள் அதற்குச் சாட்சியமே இல்லாமல், குற்றத்தின் கொடூரத்தை வைத்தே நீதிமன்றங்கள் முடிவு செய்தன. 2022 மே மாதம் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம், மரண தண்டனை வழக்குகளில் குற்றவாளியின் மனநல, உளவியல் மதிப்பீட்டை அரசு தாக்கல் செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. நோக்கம் நல்லது, கொல்வதற்கு முன் மனிதனைப் பாருங்கள் என்பதுதான் அது. ஆனால் இதன் மூலம் சிறைக்குள் கைதிக்கு எதிரே மருத்துவர் உட்காருவது நம் நாட்டிலும் வழக்கமாகிறது. அவரை அனுப்புவது அரசு.

அந்த மருத்துவர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று இங்கே எழுதியிருப்பது குறைவு. 2002ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதிகள் பொய்யான, தவறாக வழிநடத்தும் அறிக்கையில் கையெழுத்திடுவதைத் தொழில் ஒழுங்கீனம் ஆக்குகின்றன. நீதிமன்றத்துக்காகச் செய்யும் மனநல மதிப்பீட்டைத் தனியே எடுத்துப் பேசவில்லை. இந்திய மனநல மருத்துவர் சங்கத்தில் சேருவதும் விருப்பம்தான். ஆனால் சங்கத்திடம் இல்லாத பிடி ஒன்று இங்கே உண்டு: புகாரை விசாரித்துப் பதிவேட்டிலிருந்து பெயரை எடுக்கும் அதிகாரம் சட்டப்படி மாநில மருத்துவக் கவுன்சிலிடம் இருக்கிறது. அந்தக் கவுன்சில் பெரும்பாலும் தானாக இறங்காது. நீதிமன்ற மனநல வேலை தெரிந்தவர்கள் அதன் விசாரணைக் குழுவில் உட்கார வேண்டும்.

எழுத வேண்டிய விதிகள் நீளமானவை அல்ல. நேரில் பார்க்காமல் யாரைப் பற்றியும் முடிவு சொல்லக் கூடாது. யாருக்காக வந்திருக்கிறேன், நீ சொல்வது எங்கே போகும் என்று கைதியின் மொழியில் சொல்லிவிட்டுத்தான் முதல் கேள்வி. கைதியின் வக்கீலுக்கு முன்கூட்டியே தகவல். சிகிச்சை தரும் மருத்துவர் அறிக்கை எழுதக் கூடாது. அறிக்கை இரு தரப்புக்கும் ஒரே நாளில் கிடைக்க வேண்டும். திருந்துவார், திருந்தமாட்டார் என்பதை நிச்சயமாகச் சொல்லும் எந்த அறிக்கையையும் நீதிமன்றமே திருப்பி அனுப்ப வேண்டும். மீறியவர் பெயர் நீதிமன்றத்திலிருந்து நேராகக் கவுன்சிலுக்குப் போக வேண்டும். யாரோ புகார் கொடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உயர் நீதிமன்றங்களும் மாநில மருத்துவக் கவுன்சில்களும் இவற்றை இப்போதே விதியாக்க வேண்டும். மனோஜ் தீர்ப்புப்படி அறிக்கைகள் ஏற்கெனவே எழுதப்பட்டுக்கொண்டிருக்கின்றன.